புதுப்பிப்பு: விடிந்தால் குந்தும் ஜீப்

போன மாதம் எழுதியிருந்தேன்: கல்லடியில் முற்றத்தில் நிறுத்தும் ஜீப் (ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் காற்றுப்பைகள் தாங்கும் வகை) விடியும்போது பின்னால் இடதுபுறம் குந்தியிருக்கிறது, சாவி போட்டதும் பைகளுக்குக் காற்றடிக்கும் கொம்பிரசர் கத்திக்கத்தித் தூக்குகிறது என்று. "கொம்பிரசரை மாற்றுங்கள்" என்றீர்கள் பலர். நல்லவேளை, மாற்றவில்லை.

இரவும் காலையும் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்தேன். வலது அசையவில்லை, இடது 6 சென்ரிமீற்றர் இறக்கம். அப்படியென்றால் அந்தப் பக்கத்துக் காற்றுப்பை, அதன் குழாய், அதற்குரிய வால்வு, இந்த மூன்றில் ஒன்றுதான்.

சவர்க்காரத் தண்ணீர் தெளித்தேன், ஒரு குமிழிகூட இல்லை. கல்முனை பாஸ் (மெக்கானிக்) ஒருவர்தான் சிரித்துக்கொண்டே, "தம்பி, மடிப்புக்குள்ள இருக்கிறது வெளியில தெரியுமா? உயர்த்திப் போட்டுப் பாருங்க" என்றார். உயரத்தைக் கூட்டி, சேசிஸுக்கு ஸ்ராண்ட் வைத்து (காற்றை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்) மறுபடி தெளித்தால், ரப்பர் மடியும் இடத்தில் மயிரிழை வெடிப்புகள், ஊசிமுனைக் குமிழிகள்! ஒட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாஸ் பதிலே சொல்லவில்லை.

சரி, காற்றை இறக்கிப் புதுப் பை போட்டோம். அப்புறமும் காலையில் 1 சென்ரிமீற்றர் குறைவு! குழாய் நுனி சரிவாக வெட்டப்பட்டு, இணைப்பில் ஒழுங்காக உட்காரவில்லை. பிளேட்டால் நேராக வெட்டி, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் மாற்றி அழுத்தினேன்.

இன்றோடு ஒன்பது நாள், இறக்கமில்லை. வலது பையும் அதே வயதுதான், சம்பளம் வரட்டும்.