விரல் எலும்பில் கிருமி: துளையிட்டு மருந்து வைப்பது யாருக்குப் பொருந்தும்?

கேள்வி (நகரியிலிருந்து):
நகரியில் விசைத்தறி ஓட்டும் என் அப்பாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. வலது காலின் இரண்டாம் விரல் நுனியில் வந்த புண், மாதக்கணக்கில் கட்டு மாற்றியும் ஆறாமல், இப்போது எலும்பில் கிருமி இறங்கிவிட்டதாக எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்கிறார்கள். திருப்பதியில் பார்த்த மருத்துவர் விரலை எடுத்துவிடலாம் என்கிறார். எலும்பில் சிறு துளையிட்டு மருந்தை உள்ளே வைக்கும் முறை இருப்பதாக வேலூர் போய்வந்த உறவினர் சொல்கிறார். அது உண்மையா?

பதில் 1 (சித்தூர், அறுவை மருத்துவர்):
உண்மைதான். கால்சியம் சல்பேட் தூளுடன் வான்கோமைசின், ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளைக் குழைத்து, எக்ஸ்ரே உதவியுடன் எலும்பில் இட்ட மெல்லிய துளைவழியே செலுத்துவார்கள். அது அங்கேயே இறுகி, மருந்தை மெல்ல விட்டபடி சில வாரங்களில் கரைந்துவிடுவதால், முன்பு மருந்து கலந்து எலும்பில் வைத்த சிமெண்ட் மணிகளைப் போல மறுபடி திறந்து எடுக்க வேண்டியதில்லை. ஆயினும் இதற்கான ஆதாரம் இன்னும் மெலிந்ததே. சர்வதேச நீரிழிவுப் பாத நிபுணர் குழுவின் 2023 வழிகாட்டி புண் உள்ள இடத்திலேயே வைக்கும் இத்தகைய மருந்தைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. சீழ் கட்டாத விரல் எலும்புக்கு, எலும்புத் துணுக்கைச் சோதித்துத் தேர்ந்த மாத்திரையை 6 வாரம் கொடுத்தே பலருக்குக் குணமாகியிருக்கிறது. புண்ணின் மேற்பரப்பில் எடுக்கும் பஞ்சுச் சோதனையை நான் நம்புவதில்லை.

இவை அனைத்துக்கும் முன்னால் இரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் இரத்த அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு உண்டு. சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவர் சுண்ணாம்பேறியிருந்தால் அந்த எண் பொய்யாகக் கூடிவிடும் என்பதால் கால்விரலின் இரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அடைப்பிருந்தால், தொடையிடுக்கில் ஊசிவழி பலூன் செலுத்தித் திறப்பதே அப்பாவுக்கு முதலில் வேண்டிய சிறுதுளைச் சிகிச்சை. காய்ச்சலோ, கருமையோ, மேலேறும் வீக்கமோ கண்டால் இதையெல்லாம் ஆராயாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. காய்ச்சல் இல்லை. அந்த விரல் பல ஆண்டுகளாகக் கொக்கிபோல் மடங்கியே இருக்கிறது, நுனிதான் தரையில் படுகிறது. அதைச் சொல்லாமல் விட்டேன்.

பதில் 2 (காட்பாடி, பாதப் பராமரிப்புச் செவிலியர்):
தம்பி, புண் ஆறாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். விரலை மரக்கச் செய்து, ஊசி முனையாலேயே அதை மடக்கும் தசைநாணை அறுத்துவிட்டால் விரல் நிமிர்ந்து, நுனியில் விழும் பாரம் குறையும். பெரும்பாலும் வெளிநோயாளியாகவே செய்துகொள்ளலாம். உணர்விழந்த பாதத்தில் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணை வளர்க்கிறது என்பதைத் தொழுநோயாளிகளிடம் கண்டு, மாவுக்கட்டால் பாரத்தைப் பரப்பியவர் வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட். ஆனால் கிருமி முற்றியிருக்கும்போதும் இரத்தம் போதாதபோதும் அந்தக் கட்டு ஆகாது. விரலை நிமிர்த்தலாமா என்று திருப்பதி மருத்துவரிடமே கேளுங்கள். அதுவரை அப்பா தறியருகே வெறுங்காலுடன் நிற்க வேண்டாம்.