சிவப்புக் காயும் நாலு கறுப்புக் காயும்

கல்லூரி மூன்றாம் வருஷம். கோயம்புத்தூரில் மாணவர்களுக்கு ஒரு நெருக்கடிநிலைப் போட்டி வைத்தார்கள். கற்பனை நாடு ஒன்றில் ஆட்சிக் கவிழ்ப்பு நடக்கிறது, எங்கள் தூதரகத்தில் 30 பேர் பிணைக்கைதிகள். சீட்டுக் குலுக்கியதில் விமானந்தாங்கிப் படையணியின் தளபதி பதவி எனக்கு விழுந்தது. விரித்திருந்த சார்ட்டில் சிவப்பு கேரம் காய்தான் என் கப்பல். கூட வரும் போர்க்கப்பல்களுக்கு நாலு கறுப்புக் காய். அன்றைக்கு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நடுவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். "கப்பலை உடனே துறைமுகத்துக்குப் பக்கத்துல கொண்டு போறோம் சார்" என்றேன். அவர் பேசாமல் ஸ்கேலை நீட்டினார். அளந்தால் 1,400 கடல் மைல். 30 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 30 கடல் மைல், விரட்டினாலும் ஏறக்குறைய இரண்டு நாள்.

"சரி, போயாச்சு. விமானம் கிளம்பணும்னா கப்பல் காத்துக்கு எதிரா ஓடணும். காத்து கரையிலேருந்து அடிக்குது. எங்க ஓடுவ தம்பி?"

கரையில் ஏற வேண்டியதுதான். காயைப் பின்னால் நகர்த்தினேன்.

அடுத்த சுற்றில் மிரட்டிப் பார்க்கலாம் என்று போர் விமானங்களை நகரத்தின் தலைக்குமேல் தாழப் பறக்கவிட்டேன். பத்து நிமிஷத்தில் எதிரணியிடமிருந்து துண்டுச் சீட்டு வந்தது: 'பிணைக்கைதிகளை ஏழு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டோம்.' அதுவரை ஒரே கட்டடம், இப்போது ஏழு!

டீ இடைவேளையில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஈரான் கதையைச் சொன்னார். டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஆட்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களை மீட்கக் கிளம்பிய நாள் 1980 ஏப்ரல் 24. அரபிக்கடலில் நின்ற அமெரிக்காவின் நிமிட்ஸ் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. கடலில் கண்ணிவெடி அகற்றுவதற்காகச் செய்த ரகம் அது. பாலைவனத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டெஹ்ரானை நோக்கிப் போகவேண்டும், அதற்குக் குறைந்தது ஆறாவது தேறவேண்டும். இறக்கையில் விரிசல் என்று எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் ஒன்றை வழியிலேயே விட்டுவிட்டார்கள். புழுதிப் புயலில் சிக்கி இன்னொன்று கப்பலுக்கே திரும்பியது. வந்து சேர்ந்த ஆறிலும் ஒன்றுக்கு ஹைட்ராலிக் பழுது. ஐந்தை வைத்துக்கொண்டு போகமுடியாது என்று திட்டத்தைக் கைவிட்டார்கள். திரும்பும் அவசரத்தில் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் விமானத்தில் மோதி, எட்டுப் பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் ஈரானியர்கள் பிணைக்கைதிகளைப் பல ஊர்களுக்குப் பிரித்துவிட்டார்களாம். நான் என் துண்டுச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நிமிட்ஸைக் குறை சொல்ல முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. எட்டையும் அது மேலே ஏற்றிவிட்டது. கப்பலுக்கும் தூதரகச் சுவருக்கும் நடுவில்தான் எல்லாம் கெட்டது. கடைசியில் அல்ஜீரியா நடுவில் நின்று பேசி, 1981 ஜனவரி 20 அன்று, பிடிபட்டு 444 நாள் கழித்து, பிணைக்கைதிகள் 52 பேரும் வெளியே வந்தார்கள்.

எங்கள் போட்டியிலும் அதே கதைதான். வெளியுறவுச் செயலராக இருந்த என் ரூம்மேட், பக்கத்து நாட்டை நடுவில் இழுத்து, முடக்கி வைத்திருந்த பணத்தைக் காட்டிப் பேரம் பேசி, 30 பேரையும் கொண்டுவந்துவிட்டான். பரிசும் அவனுக்கே. என் கப்பல் தூரத்தில் நின்றதால்தான் பேரம் படிந்தது என்று இன்றும் வாதாடுவேன், அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கிளம்பும்போது நடுவர் கேட்டார்: "ஈரானுக்கு இப்ப உன்னை அனுப்பச் சொன்னா எத்தனை ஹெலிகாப்டர்?"

"பத்து சார்."

"பத்தா? டெக்குக்குக் கீழ இடம் பாத்தியா?"

மறுபடியும் ஸ்கேலைக் கேட்டு வாங்கினேன்.