அம்மா இன்சுலின் வேண்டாம் என்கிறார், என்ன சொல்வது?

ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் புண் ஆறவில்லை, கட்டு மாற்ற 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய் வருகிறோம். ஜெபக் கூட்டத்தில் ஒருவர் ஊசி போட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்றாராம், அதிலிருந்து இன்சுலினைத் தொடமாட்டேன் என்கிறார். நானும் கர்த்தரை நம்புகிறவள்தான், ஆனால் பயமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, இன்சுலினை நிறுத்த மட்டும் விடாதே, உயிருக்கே ஆபத்து. வேதாகமத்தில் எசேக்கியா ராஜா சாகும் நிலையில் வியாதியாய் இருந்து அழுது ஜெபித்தபோது கர்த்தர் ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார், அதே ஏசாயா 38-ல்தான் அவருடைய பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், மருந்தாக அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்லியும் இருக்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

பதில்: அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் ஒரு முள் என்று சொன்ன உபத்திரவம், கர்த்தரிடம் மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்றுதான் பதில் வந்தது. அவருக்கா விசுவாசம் குறைவு? அப்படிச் சொன்னவர்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

பதில்: நன்றி அண்ணா. நேற்று ராத்திரி வாசித்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஊசியை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, தானே வயிற்றில் போட்டுக்கொண்டார்.