ஹாட்ஸ்பாட் போட்டால் பழைய லேப்டாப்பில் பெயரே வரவில்லை, காலை 10 மணிக்குள் 2 ஜிபியும் காலி

கரிசல்காடு:
வணக்கம். கோவில்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்கிறார்கள். அதனால் ஒரு ஆண்ட்ராய்டு போனின் நெட்டை வைத்துத்தான் வீட்டில் எல்லாம் ஓடுகிறது. நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே பில் என்ட்ரி போடுகிறேன், தம்பி டேப்லெட்டில் காலை 9 முதல் 10 வரை கோச்சிங் வகுப்பு பார்க்கிறான்.

போன மாதம் புது 5ஜி போன் வாங்கினோம். அதில் ஹாட்ஸ்பாட் போட்டால் தம்பி டேப்லெட்டில் உடனே வருகிறது, 2014-இல் வாங்கிய என் லேப்டாப்பில் அந்தப் பெயரே வருவதில்லை. இப்போதைக்கு யூஎஸ்பி கேபிள் செருகி ஓட்டுகிறேன். ஆனால் கேபிள் போட்டால் போனை என் மேசையில்தான் வைக்க வேண்டும், அங்கே டவர் ஒரு கோடுதான், ஜன்னல் பக்கம் போனால் மூன்று கோடு.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக், வகுப்பு முடிவதற்குள்ளேயே தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடுகிறது, அதன்பிறகு ஒரு பில்லை ஏற்றவே நிமிடக்கணக்கில் ஆகிறது. அப்புறம், நடுநடுவே இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நெட் நின்றுவிடும். ஹாட்ஸ்பாட் ஆஃப் ஆவதில்லை, டேப்லெட்டில் வைஃபை கோடு முழுதாகத் தெரியும், ஆனால் எதுவும் திறக்காது. சில நிமிடத்தில் தானாக வந்துவிடும். மாதக் கடைசி என்றால் எனக்கு வேலை நெருக்கடி, யாராவது வழி சொல்லுங்கள்.

தாமிரபரணி:
முதல் பிரச்சினை பேண்ட், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை. புது போன்கள் பலவும் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் போடுகின்றன. அந்தக் காலத்து லேப்டாப்புகள் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கிறவை, அவற்றுக்கு 5-இல் வரும் ஹாட்ஸ்பாட் இருப்பதே தெரியாது, அதனால்தான் பெயர்கூட வரவில்லை. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் போய் பேண்டை 2.4 ஆக்குங்கள். சில போன்களில் இதையே "கம்பேட்டிபிலிட்டி" என்று ஒரு பட்டனாக வைத்திருப்பார்கள். ஐபோன் 12-க்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும் "மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி" என்று இதே வேலைக்கு ஒன்று உண்டு.

2.4-இல் உச்ச வேகம் குறைவுதான். ஆனால் உங்கள் வீட்டில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது வைஃபை இல்லை, டவர் சிக்னல். 2.4 சுவரைத் தாண்டி நன்றாகப் போகும். அதனால் போனை மூன்று கோடு வரும் ஜன்னல் பக்கமே விட்டுவிட்டு நீங்கள் மேசையில் உட்காருங்கள். போனுக்கும் டவருக்கும் உள்ள தூரம் வேறு, போனுக்கும் லேப்டாப்புக்கும் உள்ள தூரம் வேறு. நிறைய பேர் போனை லேப்டாப்புக்கு ஒட்டி வைத்துவிட்டு நெட் வரவில்லை என்று தவிக்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பனைமரம்:
டேட்டா தீர்வதற்கு லேப்டாப்தான் காரணமாக இருக்கும், தம்பியைத் திட்டாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வகுப்பு வீடியோ நொடிக்கு 1 மெகாபிட் இழுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பிதான். மிச்சம் ஒன்றரை ஜிபி எங்கே போகிறது? விண்டோஸ் அப்டேட், கிளவுடில் கோப்புகளை ஏற்றுவது, இதெல்லாம் நம்மைக் கேட்காமல் பின்னால் ஓடும். ஆண்ட்ராய்டு டேப்லெட் இன்னொரு ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால், இது போன் நெட் என்று பெரும்பாலும் தெரிந்துகொண்டு அடக்கி வாசிக்கும். விண்டோஸுக்கு அது தெரியாது, வீட்டு பிராட்பேண்ட் என்று நினைத்துக்கொண்டு இறக்கித் தள்ளும்.

லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க் போய் அந்த இணைப்பின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து "மீட்டர்டு கனெக்ஷன்" (இது அளவோடு செலவழிக்க வேண்டிய நெட் என்று விண்டோஸுக்குச் சொல்வது) என்பதை ஆன் செய்யுங்கள். கேபிள் வழியாகப் போகிறபோது அது ஈதர்நெட் என்ற பெயரில் இருக்கும், வைஃபைக்கு மாறினால் அது வேறு இணைப்பு, அதனால் இரண்டிலும் தனித்தனியாகப் போட வேண்டும். நான் முதலில் ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு ஒரு வாரம் டேட்டாவைக் கோட்டைவிட்டேன். அங்கேயே "டேட்டா யூஸேஜ்" பக்கத்தில் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பட்டியல் இருக்கும், அதையும் பாருங்கள்.

கடலோரம்:
போனில் இரண்டு சிம் போட்டிருக்கிறீர்களா? நெட் நிற்கும் நேரத்தில் அந்தப் போனுக்கு ஏதாவது கால் வருகிறதா என்று கால் லாக்கைப் பாருங்கள்.

வேப்பங்காற்று:
ஹாட்ஸ்பாட் பெயரை மறைத்து வைத்துவிடுங்கள், அக்கம்பக்கத்தில் யாராவது சேர்ந்துகொண்டு டேட்டாவைக் காலி செய்யலாம்.

பனைமரம்:
பெயரை மறைப்பதில் பாதுகாப்பு எதுவும் இல்லை நண்பரே, தேடத் தெரிந்தவர்கள் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். இவர்கள் வீட்டில் ஏற்கெனவே பெயர் வராததுதான் பிரச்சினை, மறைத்தால் இன்னும் குழப்பம். பாஸ்வேர்டை நீளமாக வைத்தால் போதும். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே பெரும்பாலும் தெரியும்.

கரிசல்காடு:
எல்லோருக்கும் நன்றி. 2.4 ஆக்கியதும் லேப்டாப்பில் பெயர் வந்துவிட்டது! ஆனால் பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் இணைய முடியவில்லை என்கிறது.

கடலோரம் அண்ணா, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இரண்டாவது சிம் அம்மாவுடையது. பெரியம்மா தினமும் காலையில் கூப்பிடுவார். நேற்று 9.22-க்கு வகுப்பு நின்றது என்று தம்பி நோட்டில் எழுதி வைத்திருந்தான், கால் லாக்கில் பெரியம்மா 9.22. நாங்கள் இத்தனை நாளாக டவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

தாமிரபரணி:
இணையாததற்கு ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் செக்யூரிட்டி வகையை, அதாவது பாஸ்வேர்டுப் பூட்டு எந்த வகை என்பதைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்ற புது வகை மட்டும் என்று இருந்தால் பழைய லேப்டாப்புக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2, அல்லது இரண்டும் கலந்த தேர்வு இருந்தால் அதை வையுங்கள். லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை ஒருமுறை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி இணையுங்கள்.

கடலோரம்:
எங்கள் வீட்டிலும் இதே கதை, அதனால்தான் கேட்டேன். பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்மும் காத்திருக்கும், ஆனால் ஒரு சிம்மில் பேசும்போது இன்னொரு சிம்மின் டேட்டா நின்றுவிடும். ஹாட்ஸ்பாட் ஆஃப் ஆகாது, வைஃபை கோடும் இருக்கும், ஆனால் பின்னால் தண்ணீர் வராத குழாய் மாதிரி. கால் வந்த பிறகு டேட்டாவை அந்த சிம்முக்கே மாற்றிக்கொள்ளும் வசதி சில போன்களில் உண்டு, அதற்கு அம்மாவின் சிம்மிலும் டேட்டா பேக் இருக்க வேண்டும். எதற்கு வீண் செலவு? பழைய போன் கையில் இருந்தால் அம்மாவின் சிம்மை அதில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். டேட்டா சிம்மில் கால் வந்தால் என்ன என்று கேட்பீர்கள்: வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஆனில் இருந்தால் பேசும்போதும் நெட் ஓடும்.

ஜன்னலில் வைக்கிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், வெயில் நேராகப் படாமல் வையுங்கள். ஹாட்ஸ்பாட், சார்ஜ், வெயில் மூன்றும் சேர்ந்தால் போன் கொதிக்கும், சூடானால் சார்ஜ் ஏறுவதும் நிற்கும், வேகமும் விழும். பின்கவரைக் கழற்றிவிடுங்கள். 5ஜி வந்து வந்து போகிற இடமாக இருந்தால் போனை 4ஜியிலேயே நிறுத்திப் பாருங்கள், எங்கள் ஊரில் அப்படித்தான் நிலையாக இருக்கிறது.

கரிசல்காடு:
டபிள்யூபிஏ2 ஆக்கியதும் இணைந்துவிட்டது. போன் ஜன்னலில், நான் மேசையில். மீட்டர்டும் போட்டேன், இன்று மதியம் 1 மணிக்கு 900 எம்பி மிச்சம், போன மாதம் முழுக்க இப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. அம்மாவிடம் பழைய போன் போய்விட்டது, வகுப்பு நடக்கும்போதே பெரியம்மாவோடு நிம்மதியாகப் பேசுகிறார்.

ஒரு சின்னக் கேள்வி. ஹாட்ஸ்பாட்டுக்கு "நம்ம கரிசல்காட்டு வீடு" என்று தமிழில் பெயர் வைக்கப் பார்த்தேன், ஏற்க மறுக்கிறது. தமிழே கூடாதா?

பனைமரம்:
தமிழ் கூடும், நீளம்தான் இடிக்கிறது. பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் எழுத்துக்கு மூன்று, கொம்பு, புள்ளி, கால் எல்லாமே தனித்தனியாக மூன்று மூன்று. "பாட்டி வீடு" என்று வைத்தால் 31, கச்சிதமாக உட்காரும்.