எட்டாம் ஹென்றி எந்த நாளில் புராட்டஸ்டண்ட் ஆனார்?

கரிசல் வாசகர்:
‘வரலாற்று மாணவி’ நேற்று எழுதிய பதிவில் ஒரு வரி: “மனைவியை விவாகரத்து செய்யப் போப் அனுமதி மறுத்ததும் எட்டாம் ஹென்றி புராட்டஸ்டண்ட் ஆனார், இங்கிலாந்தும் அவரோடு மாறியது.” தேர்வு வழிகாட்டிகளில் இந்த வரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஹென்றி ஒருநாளும் புராட்டஸ்டண்ட் ஆகவில்லை. 1521இல், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரை எதிர்த்து நூல் எழுதி, போப் பத்தாம் லியோவிடம் ‘விசுவாசத்தின் காவலர்’ என்று பட்டம் வாங்கியவர் அவர். 1534இல் அவர் உதறியது போப்பின் அதிகாரத்தை, பூசையை அல்ல. 1539இல் வந்த ஆறு பிரிவுச் சட்டத்தைப் படியுங்கள். குருக்கள் மணம் செய்யக் கூடாது, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் தொடர வேண்டும், அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்பதை மறுத்தால் தீ. இப்படிச் சட்டம் போட்டவரைப் புராட்டஸ்டண்ட் என்று எழுதக் கை கூச வேண்டாமா?

வரலாற்று மாணவி:
கூசவில்லை. போப்பை ஒதுக்கியவர் யார்? 1538இல் கோயில்தோறும் ஆங்கில பைபிள் வைக்க உத்தரவு போனது யாருடைய ஆட்சியில்? 1536இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடினார். 1539இல் பெரிய மடங்களுக்கும் சட்டம் வந்தது. 1540 மார்ச்சில் கடைசியாக வால்த்தம் மடமும் போனது. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 800 மடங்கள்! கத்தோலிக்க அரசர் செய்கிற வேலையா இது?

கரிசல் வாசகர்:
1540 ஜூலை 30. இந்தத் தேதிக்குப் பதில் சொல்லுங்கள். லண்டன் ஸ்மித்ஃபீல்டில் அன்று ஆறு பேரைக் கொன்றார்கள். பார்ன்ஸ், காரெட், ஜெரோம் மூவரும் லூத்தர் வழி நின்றவர்கள். அவர்களைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். ஏபல், ஃபெதர்ஸ்டன், பவல் மூவரும் அரசரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்த கத்தோலிக்கக் குருக்கள். அவர்களைத் தூக்கிலிட்டுக் கூறு போட்டார்கள். தரையில் இழுத்து வந்தபோது இந்தப் பக்கத்தவர் ஒருவர், அந்தப் பக்கத்தவர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாகக் கட்டியிருந்தார்கள். புராட்டஸ்டண்ட் அரசர் புராட்டஸ்டண்டுகளை எரிப்பாரா?

வரலாற்று மாணவி:
கத்தோலிக்க அரசர் கத்தோலிக்கக் குருக்களைக் கூறு போடுவாரா? உங்கள் தேதியிலேயே பாதியை மட்டும் எண்ணுகிறீர்கள்.

தொல்லெழுத்து:
இருவருக்கும் ஒரு திருத்தம். அது விவாகரத்தே அல்ல. முதல் மனைவி கேதரீனுடன் நடந்த திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1533 மே மாதம் கான்டர்பரி பேராயர் கிரான்மர் தீர்ப்புச் சொன்னார். கேதரீன், இறந்துபோன அண்ணன் ஆர்தரின் மனைவி. சகோதரன் மனைவியைக் கொள்ளலாகாது என்ற லேவியராகம வசனத்தைத்தான் ஹென்றி பிடித்துக்கொண்டார். போப் ஏழாம் கிளமென்ட் மறுத்ததற்கும் காரணம் உண்டு. 1527இல் ரோமாபுரியைச் சூறையாடியது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை. அந்தச் சார்லஸ் கேதரீனின் அக்காள் மகன். செல்லாத திருமணத்தை விவாகரத்து என்று எழுதுகிறவரிடம் மற்றதை எப்படி நம்புவது?

வரலாற்று மாணவி:
சொல்லைப் பிடித்துத் தொங்குவது உங்களுக்குப் பழக்கம். சென்ற மாதம், பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டுரிமை தந்த நாண்ட் ஆணையை 1589 என்று எழுதினீர்கள். 1598 என்று நான் காட்டிய பிறகும் திருத்தவில்லை. இன்று எனக்குப் பாடம் நடத்த வருகிறீர்கள்.

தொல்லெழுத்து:
அது தட்டச்சுப் பிழை. உங்களுடையது அறியாமை.

கரிசல் வாசகர்:
நாண்ட் இங்கே வேண்டாம். 1540 ஜூலை 30க்குப் பதில் வேண்டும்.

மேய்ப்பன் மகன்:
நான் ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவன், அதனால் எழுதுகிறேன். 1543இல் இந்த ஹென்றி ஒரு சட்டம் போட்டான். கைவினைஞர், வேலைக்காரர், உழவர், கூலியாட்கள், சாதாரண வீட்டுப் பெண்கள் யாரும் ஆங்கில பைபிளைப் படிக்கக் கூடாது. கோயிலில் வைக்கச் சொன்னவனே ஏழையின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். 1546இல் செயின்ட்பரி குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராபர்ட் வில்லியம்ஸ், தான் வாங்கிய வேறொரு புத்தகத்தின் ஏட்டில் எழுதிவைத்தார்: மேய்ப்பர்கள் படிக்கக் கூடாதென்று வேதத்தை விலக்கியபோது இதை வாங்கினேன், இந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தட்டும். அவருக்கு யாராவது இங்கே பதில் சொல்லுங்கள். அரசன் எந்தச் சபை என்று மட்டுமே பேசுகிறீர்கள்.

தொல்லெழுத்து:
அரசரை ஒருமையில் எழுதுவது முறையல்ல.

மேய்ப்பன் மகன்:
மேய்ப்பனின் கையிலிருந்து வேதத்தைப் பறித்தவனுக்கு எதற்குப் பன்மை? மேய்ப்பரை ‘அவர்’ என்று எழுதியிருக்கிறேனே, அது உங்கள் கண்ணில் படவில்லையா?

கரிசல் வாசகர்:
நண்பர் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறார். எளியவர் வேதம் படிப்பதைத் தடுத்தவர் புராட்டஸ்டண்டா? இன்னொன்றும் கேளுங்கள். 1546 டிசம்பரில் எழுதிய உயிலில், உலகம் உள்ளவரை தன் ஆத்துமாவுக்காக விண்ட்சரில் திருப்பலி நடக்க வேண்டும் என்று பணம் ஒதுக்கினார். மாதாவின் பரிந்துரையையும் கேட்டார். சாகும்போதுகூட அவர் பழைய விசுவாசத்தை விடவில்லை.

வரலாற்று மாணவி:
இறந்தவர்களுக்காகத் திருப்பலி நடத்த மக்கள் எழுதிவைத்த அறக்கட்டளைகளை அரசர் எடுத்துக்கொள்ளலாம் என்று 1545இல் சட்டம் வந்ததே, அது யாருடைய ஆட்சியில்? தன் ஆத்துமாவுக்குப் பூசை வேண்டும், ஊராரின் ஆத்துமாக்கள், இறந்தபின் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கட்டும் என்பதா பழைய விசுவாசம்? மகன் எட்வர்டுக்கு ஆசிரியராக அமர்த்தியது ஜான் செக், ரிச்சர்ட் காக்ஸ் இருவரையும். இருவரும் சீர்திருத்தக்காரர்கள். 1549இல் ஆங்கில வழிபாட்டு நூல் வானத்திலிருந்தா விழுந்தது?

கரிசல் வாசகர்:
அது மகன் காலம். நான் கேட்பது தந்தையை.

மேய்ப்பன் மகன்:
தந்தையின் காலத்திலேயே ஊர் என்ன ஆனது என்று பாருங்கள். யார்க்ஷயரில் ரோச் மடத்தை இடித்தபோது பாட்டுக்குழுவின் மர இருக்கைகளைப் பிடுங்கி எரித்து, அந்த நெருப்பில் கூரையின் ஈயத்தை உருக்கினார்கள். ஊராரும் ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். மைக்கேல் ஷெர்புரூக் என்ற குரு, இடித்து முப்பது ஆண்டுகள் கழித்துத் தன் தந்தையிடம் அதைப் பற்றிக் கேட்டார். அந்தக் கோயிலின் மரத்தை வாங்கியவர்களில் தந்தையும் ஒருவர். துறவிகள் நல்லவர்கள் என்றுதான் நினைத்தீர்களா என்றால், ஆம் என்கிறார். பிறகு ஏன் அழிவில் பங்கெடுத்தீர்கள் என்றால், எல்லாம் போகப்போகிறது என்று தெரிந்தது, மற்றவர்கள் செய்ததை நானும் செய்தேன் என்கிறார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நாடு மாறிய கதை அந்தத் தந்தையின் பதிலில் இருக்கிறது.

வரலாற்று மாணவி:
நானும் அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! நாடு மாறியது, மாற்றியவர் அவர்.

தொல்லெழுத்து:
எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1536இல் வடக்கே ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்துவின் ஐந்து காயங்களைப் பொறித்த கொடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். தலைவர் ராபர்ட் ஆஸ்க் ஒரு வழக்கறிஞர். மடங்கள் ஏழைகளுக்குச் செய்த தர்மத்தை விசாரணையில் எடுத்துச் சொன்னார். 1537இல் யார்க்கில் அவரைத் தொங்கவிட்டார்கள். மாணவியின் பதிவில் ஆஸ்க் பெயரே இல்லை.

வரலாற்று மாணவி:
உங்கள் முதல் பதிவிலும்தான் இல்லை. என் வரியை நான் மாற்றப்போவதில்லை.

கரிசல் வாசகர்:
மாற்ற வேண்டாம். அவர் புராட்டஸ்டண்ட் ஆன நாளை மட்டும் சொல்லுங்கள். மாதமும் ஆண்டும் போதும். 1540 ஜூலை 30க்கு முன்பா, பின்பா?

மேய்ப்பன் மகன்:
என் மேய்ப்பருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.