லயத்துப் பிள்ளையின் குடியுரிமை: 2021 தீர்ப்பைக் காட்டினால் போதுமா?

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட், மலேசியா):
தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு பெண்பிள்ளை, வயது 17. பிறந்த சில நாளில் விட்டுவிட்டுப் போன தாய் யாரென்று தெரியாது. வளர்த்தவர்கள் கோர்ட் மூலம் தத்தெடுத்து ஆணையும் வாங்கிவிட்டார்கள். ஆனாலும் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகள் அல்ல). குடியுரிமை கேட்டு அரசமைப்பின் 15ஏ பிரிவில் போட்ட மனு தள்ளுபடி, கடிதத்தில் காரணமே இல்லை. மறுபடியும் 15ஏ போடுவதா, கூட்டரசு நீதிமன்றம் (நாட்டின் உச்ச நீதிமன்றம்) 2021-ல் தந்த தீர்ப்பை வைத்து வழக்குக்குப் போவதா? தத்து ஆணையே போதாதா என்றும் கேட்கிறார்கள்.

கட்டுக்காரர்:
போதாது. தத்து ஆணையால் சட்டப்படி பெற்றோர் கிடைப்பார்கள், குடியுரிமை தானாக வராது. நிறையப் பேர் இங்கேதான் வருடக்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறார்கள்.

15ஏ என்பது "கொடுங்கள்" என்று கேட்கும் மனு. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். 21 வயதுக்குள் போட வேண்டும் என்றிருந்தது; 2024-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆகக் குறைக்கிறது. அதே அரசமைப்பின் 14(1)(பி) வேறு. "இவள் பிறந்தபோதே குடிமகள், அதை ஒப்புக்கொள்ளுங்கள்" என்கிறோம். அதற்கு வயது வரம்பு கிடையாது.

நீங்கள் சொல்லும் தீர்ப்பு சி.சி.எச். (பெயரை மறைத்த முதலெழுத்துகள்) வழக்கு, 19.11.2021. அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 19பி: கைவிடப்பட்டுக் கிடைத்த சிசுவை, மாறாக நிரூபிக்கப்படும்வரை, அந்த இடத்தில் நிரந்தரமாக வசிக்கும் தாய்க்கு அங்கேயே பிறந்ததாகக் கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டால் 14(1)(பி)-யின்படி பிறந்தபோதே குடிமகள். குப்பைத்தொட்டியிலோ சாலையோரத்திலோ கிடந்தால்தான் பொருந்தும் என்ற குறுகிய வாசிப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுக்கும் சுமையும் அரசின் தலையில். 2024-ல் இந்த 19பி-யையே மாற்றப் பார்த்தார்கள்; எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். நல்லவேளை!

ஆர்டர்53:
ஒரு எச்சரிக்கை. மருத்துவமனைப் பதிவிலோ பழைய பிறப்புப் பத்திரத்திலோ தாயின் பெயர் இருந்தால் 19பி ஆட்டம் கண்டுவிடும். அந்தத் தாய் வெளிநாட்டவர் என்றால் மிஞ்சுவது அதே அட்டவணை, இரண்டாம் பகுதியின் 1(இ): இங்கே பிறந்தவள், வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை என்று காட்ட வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் வேறு நாட்டுக் குடியுரிமை வந்திருந்தாலும் கதை முடிந்தது. தூதரகக் கடிதம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

அதே 2021 மே மாதத்தில் வந்த சி.டி.இ.பி. தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். அப்பா மலேசியர், அம்மா பிலிப்பினோ, பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்த பிறகுதான் கல்யாணம். 4-க்கு 3 என்ற கணக்கில் பிள்ளை தோற்றது. திருமணத்துக்கு வெளியே பிறந்தால் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள் என்பது அதே அட்டவணை, மூன்றாம் பகுதியின் 17-ஆம் பிரிவு. அந்த வழக்கின் தோல்வியைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவார்கள். உங்கள் பிள்ளை இங்கே பிறந்தது, தாய் தெரியாது. இரண்டும் வேறு வேறு.

செம்பனைக்காடு:
நன்றிங்க ஐயா. தாய் பெயர் எங்கேயும் இல்லை. தள்ளுபடிக் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது.

ஆர்டர்53:
அப்படியென்றால் நாள் எண்ணுங்கள். நீதிமன்ற விதிகள் 2012, ஆர்டர் 53-ன் கீழ் மறுஆய்வு (அரசின் முடிவு சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வது) கேட்க 3 மாதம்தான், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து. கடித உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரை உதவும். முதலில் அனுமதி (லீவ்) வாங்க வேண்டும், பிறகுதான் முழு விசாரணை. 'இவள் குடிமகள்' என்ற பிரகடனம் மட்டும் கேட்டு அசல் சம்மன் (வழக்கைத் தொடங்கும் ஒரு வகை மனு) போடும் வழியும் உண்டு. ஆனால் மறுஆய்வைச் சுற்றிவளைத்து வருகிறீர்கள் என்று அரசுத் தரப்பு ஆட்சேபிக்கும். மறுபடியும் 15ஏ போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் இந்தக் கெடு நிற்காது.

கட்டுக்காரர்:
வழக்கோடு போடும் வாக்குமூலத்தில் பலர் கோட்டைவிடுவது ஒரே இடம்: "தாய் தெரியாது" என்று ஒற்றை வரி எழுதுவது. தேடியதைக் காட்ட வேண்டும். போலீஸ் புகார், மருத்துவமனைக்கு எழுதிய கடிதமும் அதன் பதிலும், சமூகநல இலாகாப் பதிவு, பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர் உயிரோடிருந்தால் அவருடைய தனி வாக்குமூலம். இங்கேதான் பிறந்தாள் என்பதற்குத் தடுப்பூசி அட்டைகூட உதவும். பண வசதி இல்லையென்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை இந்த வாரமே பாருங்கள், கடிதத்தோடு.