இடதுகைக்காரனுக்கு 1000 கஜ ரைஃபிள்: எந்த ஸ்டாக் (கட்டை) வாங்கலாம்?

டெக்சாஸ்_இடதுகை:

வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். இதுவரை கடையில் வாங்கிய ரைஃபிளில் 300 கஜம் வரை சுட்டுப் பழக்கம். இப்போது 1000 கஜத்துக்கென்றே ஒன்று கட்ட ஆரம்பித்திருக்கிறேன். ரெமிங்டன் 700 அளவில் செய்த ஷார்ட் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி வெடிக்கும் பொறி), இடதுகை போல்ட், 6.5 கிரீட்மூர் தோட்டா, 28 அங்குலத் தடித்த எம்டியூ கான்டூர் பேரல், 56 மில்லி முன்லென்ஸ் ஸ்கோப். எஃப்-டிஆர் போட்டியில் (படுத்துச் சுடும் எஃப் கிளாஸில், பைபாட் என்ற இரட்டைக்கால் தாங்கி வைத்துச் சுடும் பிரிவு) இறங்க ஆசை. நண்பர் ஒருவர், தடுப்புகள் மேல் வைத்து இடம் மாறி மாறிச் சுடும் பிஆர்எஸ் போட்டிப் பக்கம் இழுக்கிறார். ஸ்டாக்குக்கு 1200 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். வால்நட்டில் ஒன்றைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. ஆனால் ரேஞ்சில் ஃபைபர்கிளாஸ், அலுமினிய சேஸி (கட்டைக்குப் பதிலான உலோகச் சட்டம்) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் உயரம் ஆறடி ஒரு அங்குலம், கழுத்து நீளம். எதை வாங்கலாம்?

பீளமேட்டார்:

தம்பி, ஸ்டாக்கை அப்புறம் பாக்கலாம். எஃப்-டிஆர்ல 6.5 கிரீட்மூரை உள்ளயே விடமாட்டாங்க. 308 வின்செஸ்டர், 223 ரெமிங்டன், இந்த ரெண்டும்தான். பேரல் ஆர்டர் குடுத்தாச்சுன்னா நீங்க இன்னொரு பிரிவான எஃப்-ஓப்பன்லதான் நிக்கோணும்.

இதுலயே ஸ்டாக் கணக்கு மாறிப்போச்சு பாருங்க. டிஆர்ல பைபாட், ஸ்கோப் எல்லாம் சேத்து 8.25 கிலோவுக்குள்ள இருக்கோணும். ஓப்பன்ல 10 கிலோ, முன்னாடி ரெஸ்ட் (தாங்கி) வெச்சுக்கலாம், முன்கட்டை 3 அங்குல அகலம் வரைக்கும் போகலாம். அந்த அகலத்தை விட்டுக்குடுக்காதீங்க. முன்கட்டையோட அடி தட்டையா இருக்கோணும், பின்கட்டையோட அடி அதுக்கு இணையா ஓடோணும். அப்பத்தான் வெடிச்ச உடனே ரைஃபிள் மணல்பை மேல தண்டவாளத்துல வர்ற மாதிரி நேரா பின்னால வரும். வேட்டை ஸ்டாக்குல பின்கட்டை அடி சரிவா இருக்கும், பின்னால நகர நகர குறி ஏறி இறங்கும். 1000 கஜத்துல டார்கெட்டோட 10 ரிங்கே 10 அங்குலம்தான், உள்ள எக்ஸ் ரிங்கு 5 அங்குலம். அங்க இதெல்லாம் தெரியும்.

மரமா பிளாஸ்டிக்கா-ங்கிறது இதுக்கு அப்புறம் வர்ற கேள்வி. எனக்கும் வால்நட் புடிக்கும், பொய் சொல்லல. ஆனா ஒத்தை மரம் ஈரத்தை இழுக்கும், காயும், பேரல் கிட்ட அழுத்தம் மாறும். லாமினேட் (மெல்லிய மரத்தகடுகளை ஒட்டினது) அவ்வளவு ஆடாது, அழகும் குறைச்சல் இல்ல. மரமோ ஃபைபர்கிளாஸோ, ஸ்க்ரூ ஓட்டையில அலுமினிய பில்லர் (குழாய்) போட்டு, ஆக்‌ஷன் அசையாம உக்கார எபாக்சி பெடிங் பண்ணியே ஆகோணும். பில்லர் இல்லாத மரத்துல ஸ்க்ரூவை 65 இஞ்ச்-பவுண்டுக்கு இறுக்கினா நார் நசுங்கும், அடுத்த மாசம் பாத்தா லூசா இருக்கும். அந்தக் கூலியும் உங்க 1200-க்குள்ள அடங்கோணும், அதை ஆரும் சொல்லமாட்டாங்க.

பேரிகேட்:

அண்ணா சொல்வது எஃப் கிளாஸுக்குச் சரி. பிஆர்எஸ் போவதாக இருந்தால் அந்த 3 அங்குலப் பலகையைத் தூக்கிக்கொண்டு கூரை மேட்டிலும் டயர் மேலும் அலைய முடியாது. அங்கே சேஸிதான். அடியில் ஆர்கா ரயில் (பைபாடை நகர்த்திப் பூட்டும் தண்டு), மேகசின் குழிக்குச் சற்று முன்னால் எடை சமமாக நிற்க வேண்டும், எடைக்கட்டிகளை முன்னால் திருகிக்கொள்ளலாம். ஆக்‌ஷன் அலுமினிய வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம்) உட்காருவதால் பெரும்பாலும் பெடிங் வேலையே இல்லை. வாங்கி, டார்க் ரெஞ்சில் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, அன்றைக்கே சுடலாம். கழற்றி மாட்டும் ஏஐசிஎஸ் மேகசின் அப்படியே பொருந்தும். ஸ்டாக் வாங்கினால் மேகசினைப் பிடிக்கும் பாட்டம் மெட்டல் தனிச் செலவு.

பீளமேட்டார்:

ஒத்துக்கறேன். ஆனா டெக்சாஸ் ஜூலை வெயில்ல அலுமினியத்து மேல கைய வெச்சுப் பாத்துட்டுப் பேசுங்க :)

டெக்சாஸ்_இடதுகை:

பேரல் ஆர்டர் போய்விட்டது, அண்ணா, அதனால் ஓப்பன்தான். பிஆர்எஸ்ஸைத் தள்ளிவைக்கிறேன். இடதுகை என்பதால் ஸ்டாக்கில் என்ன பார்க்க வேண்டும்? அளவு எப்படி எடுப்பது?

பீளமேட்டார்:

ரொம்ப நல்லது. ஆக்‌ஷன் ரெமிங்டன் 700 அளவுங்கறதால ஆசைப்பட்டா பின்னாடி ஒரு சேஸியும் வாங்கி மாத்திக்கலாம், மாத்தினதும் ஜீரோ (ஸ்கோப் குறி) மட்டும் திரும்பப் பாக்கோணும்.

இடதுகைன்னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க. போல்ட் இடது, காலி கேஸ் வெளிய விழற போர்ட் எந்தப் பக்கம்? சில பேரு இடது போல்ட், வலது போர்ட் வாங்குவாங்க. போல்ட் கைப்பிடி இறங்கற வெட்டு, போல்ட் ரிலீஸுக்கு எடம், ரெண்டும் ஆக்‌ஷன் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அச்சுல 700-ன்னு இருக்கும், ரீகாயில் லக் (உதையைக் கட்டைக்குக் கடத்தற தட்டு) தடிமன் வேறயா இருக்கும். ஆக்‌ஷன் பேரு, பேரல் கான்டூர், லக் தடிமன் மூணையும் ஒரே தாள்ல எழுதிக் குடுங்க. பேரலுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு டாலர் நோட்டு தடையில்லாம ஓடோணும்.

அளவுக்கு: கடையில கிடைக்கற ஸ்டாக்குல நீளம் (ட்ரிக்கர்ல இருந்து பின்கட்டை முனை வரைக்கும்) பொதுவா 13.5 அங்குலம். உயரத்தைப் பாத்துட்டு நீளமா ஆர்டர் பண்ணிடாதீங்க. படுத்துச் சுடறப்ப உடம்பு நேரா பின்னால இருக்கும், நிக்கறப்ப வேணுங்கற நீளம் அங்க வேண்டாம். ஸ்பேசர் (இடைத்தகடு) போடற மாதிரி வாங்குங்க, குளிர்காலக் கோட்டு போட்டா ஒண்ணைக் கழட்டிக்கலாம். உங்களுக்கு நீளத்தைவிட கன்னக்கட்டை, அதான் சீக்பீஸ், முக்கியம். 56 மில்லி ஸ்கோப் உசரமா உக்காரும், கழுத்தும் நீளம், அதனால ஏத்தி இறக்கற சீக்பீஸ் இல்லாத ஸ்டாக்கைத் தொடவே தொடாதீங்க. சேம்பர் காலியான்னு ரெண்டு தடவை பாத்துட்டுப் படுங்க. கண்ணை மூடி, தலையைத் தளர விட்டு, கன்னத்தை வெச்சுட்டுக் கண்ணைத் தொறங்க. ஸ்கோப் வட்டம் முழுசாத் தெரியோணும். கழுத்தைத் தூக்கியோ அமுக்கியோ தேடினீங்கன்னா உசரம் சரியில்ல. சீக்பீஸை மேல ஏத்தினதுக்கு அப்புறம் போல்ட் பின்னால முழுசா வருதான்னும் பாருங்க.

பெடிங் முடிஞ்சு வந்ததும் டயல் இண்டிகேட்டரை பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவுல வெச்சு முன் ஸ்க்ரூவை மெல்ல லூஸ் பண்ணுங்க. முள் 2 தவ்-க்கு (0.002 அங்குலம்) மேல நகர்ந்தா ஆக்‌ஷன் முறுக்கிட்டு உக்காந்திருக்கு, திருப்பிக் குடுத்துருங்க.

டெக்சாஸ்_இடதுகை:

போர்ட்டும் இடதுதான், இப்போதுதான் பில்லைப் பார்த்தேன். வால்நட் லாமினேட், 3 அங்குல முன்கட்டை, ஏற்றி இறக்கும் சீக்பீஸ் என்று ஒருவரிடம் விலை கேட்டிருக்கிறேன். பெடிங்கை நானே செய்யலாமா?

பீளமேட்டார்:

செய்யலாம். டெவ்கானோ மரைன்-டெக்ஸோ எபாக்சி வாங்குங்க. ஒட்டாம இருக்கப் பூசற ரிலீஸ் ஏஜெண்டுக்குப் பதிலா இங்க பாதிப்பேரு கிவி ஷூ பாலிஷ்தான் பூசறாங்க, ரெண்டு கோட்டு. ரீகாயில் லக்கோட முன்பக்கம், ரெண்டு ஓரம், அடி எல்லாத்துலயும் டேப் ஒட்டிருங்க, பின்முகம் மட்டும்தான் எபாக்சியைத் தொடோணும். ஸ்க்ரூ ஓட்டையில களிமண்ணை அடைச்சுட்டு ஆரம்பிங்க.